இசைக்கருவிக்கும் ஈட்டுக்கடன் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பங்குனி பிறக்க இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. பழைய வட ஆர்க்காட்டுப் பகுதியின் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைக்க, அதாவது மகாபாரதக் கதையும் கூத்தும் நடத்த, நாள் குறித்து, கூத்துக் குழுக்களுக்கு வெற்றிலை பாக்கோடு அச்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கும் இந்த வேளையில், கூத்துக் கலைஞர்களின் இசைக்கருவிகள் கைமாறிப் போவதைப் பற்றியும், அப்படிப் போன என் ஆர்மோனியப் பெட்டி சில ஆண்டுகளுக்குப் பின் என்னிடமே வந்து சேர்ந்ததைப் பற்றியும், அதையொட்டி ஒரு கோரிக்கையைப் பற்றியும் தங்கள் நாளிதழ் வாயிலாக எழுத விரும்புகிறேன்.

நான் அணைக்கட்டு வட்டத்தைச் சேர்ந்தவன். பகலில் தனியார் பள்ளியொன்றில் தமிழாசிரியன். பங்குனி முதல் ஆடி வரை இரவுகளில் கூத்துக் களரியில் ஆர்மோனியம் வாசிக்கும் பெட்டிக்காரன். பெட்டி என் தந்தையார் வாங்கியது. தேக்குப் பலகையில் இரட்டை ரீடு வைத்துச் செய்தது. 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது பங்குனி பிறந்து சில நாட்களே ஆகியிருந்தன. அந்தப் பருவத்துக் கூத்துகள் அனைத்தும் நின்றுபோயின. பள்ளியில் சம்பளமும் பாதியானது. வீட்டில் இருந்த நகையோ ஏற்கெனவே வங்கியில் இருந்தது.

பெட்டியை அடகு வைக்கத்தான் முதலில் முயன்றேன். அடகுக் கடையில் பொன்னுக்கு மதிப்பு உண்டு, வெள்ளிக்கு உண்டு, பித்தளை அண்டாவுக்குக்கூட எடை போட்டு ஒரு தொகை சொல்வார்கள். ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு போனவனிடம், "இதை வைத்துக்கொண்டு நான் என்ன பஜனையா செய்யப் போகிறேன்?" என்று கேட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மீட்காமல் போனால் ஏலத்தில் எடுப்பார் இல்லாத பொருளை அவர்கள் ஏன் வாங்க வேண்டும்? ஆகவே பழைய சாமான் வாங்கும் ஒருவருக்கு விலைக்கே கொடுத்தேன். அடகு வைத்த பொருள் வட்டி கட்டுகிறவரை வைத்தவனுடையதாகவே இருக்கிறது. விற்ற பொருளைப் பற்றிக் கேட்க விற்றவனுக்கு எந்த உரிமையும் இல்லை. என் கோரிக்கை முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டைப் பற்றியதுதான்.

"போனால் போகிறது, வேறு பெட்டி வாங்கிக்கொள்ளலாமே" என்று நண்பர்கள் ஆறுதல் சொன்னார்கள். பெட்டியின் உள்ளே என்ன இருக்கிறது என்று அறிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ரீடு என்பது பித்தளைத் தகட்டின் மேல் ஒரு முனை மட்டும் அறையப்பட்ட மெல்லிய பித்தளை நாக்கு. துருத்தியின் காற்று அதை அதிரச் செய்யும்போது ஒலி பிறக்கிறது. நாக்கின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும். அடிப்பக்கத்தைச் சுரண்டினால் இறங்கும். கடையில் வாங்கும் பெட்டியில் கீழ் 'ச' முதல் மேல் 'ச' வரையிலான ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம இடைவெளிகளாகப் பிரித்திருப்பார்கள் என்பதால், அதில் 'க' சுரத்தின் உயர்ந்த வகையான அந்தர காந்தாரம் பழகிய காதுக்குச் சற்றே ஏறி நிற்கும். எங்கள் குழு பாடுகிற ஐந்து கட்டைச் சுருதியில் காந்தாரமாக விழும் வெள்ளைக் கட்டையின் ரீடுகளை என் தந்தையார் தம் கையாலேயே அடிப்பக்கம் சுரண்டி, வேடக்காரர் திரைக்குள் நின்று விருத்தம் எடுக்கும்போது குரலும் பெட்டியும் உரசாமல் சேரும்படி இறக்கி வைத்திருந்தார். சுரத்தை அசைத்து வளைக்கும் கமகம் வராத கருவி, சம இடைவெளிச் சுருதியில் கட்டுண்ட கருவி என்றெல்லாம் சொல்லி அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை விலக்கி வைத்திருந்தது. அந்தக் குறையில் பாதியை ஒரு கிராமத்துப் பெட்டிக்காரர் பேனாக்கத்தி முனையால் சரிசெய்துகொண்டிருக்கிறார் என்பதை வானொலி நிலையத்தார் அறிய வாய்ப்பில்லை! கூத்து மீண்டும் தொடங்கிய பிறகு நான் இரவல் பெட்டிகளில் வாசித்தேன். நன்றாகவே வாசித்ததாகச் சொன்னார்கள். ஆனால் காந்தாரத்தில் நிற்க வேண்டிய இடங்களில் எல்லாம் நிற்காமல் தாண்டிப் போகப் பழகிக்கொண்டேன்.

குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா ஆண்டுதோறும் வைகாசி முதல் நாளில் நடைபெறுவதை வாசகர்கள் அறிவர். ஓராண்டு அங்கே போயிருந்த நான் அந்நெரிசலில் ஒதுங்கி ஒரு சந்துக்குள் நுழைந்தபோது, திண்ணையில் பஜனை நடந்துகொண்டிருந்தது. பெட்டியைப் பார்ப்பதற்கு முன்பே காந்தாரம் காதில் விழுந்துவிட்டது. பாட்டு முடியும்வரை காத்திருந்து, வாசித்த பெரியவரிடம் விவரத்தைச் சொன்னேன். அவர் உடனே நம்பிவிடவில்லை, நம்பவும் கூடாது. துருத்தியின் இரண்டாம் மடிப்பில் உட்புறமாகச் சிவப்பு வெல்வெட்டுத் துண்டு ஒன்று ஒட்டியிருக்கும் என்றும், அது துரியோதன வேடத்தின் சட்டைக்கு வாங்கியதில் மிஞ்சியது என்றும் சொன்னேன். பெரியவர் துருத்தியை முழுவதும் விரித்து, கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தார். துணி வெளுத்து இளஞ்சிவப்பாகியிருந்தது. ஓரத்துப் பசை மட்டும் கறுத்து அப்படியே இருந்தது.

அவர் கைத்தறி நெசவாளர். பழைய சாமான் கடையில் எலி கடித்த துருத்தியோடு கிடந்த பெட்டியை வாங்கி, ரீடுகளில் படிந்த பச்சைக் களிம்பைத் துடைக்கச் செய்து, ஸ்பிரிங்குகளையும் மாற்றியிருக்கிறார். பழுது பார்த்தவர், "இந்த ஒரு சுரம் இறங்கியிருக்கிறது, ஏற்றிவிடட்டுமா?" என்று கேட்டபோது, "வேண்டாம், பாடும்போது அதுதான் சுகமாக இருக்கிறது" என்று தடுத்துவிட்டாராம். நுனியில் நான்கு சுரண்டல் போதும், என் தந்தையாரின் வேலை போயிருக்கும். பெட்டியைத் திருப்பித் தர அவர் இசைந்ததைவிட இதற்காகத்தான் நான் அவருக்கு அதிகம் கடமைப்பட்டிருக்கிறேன். தாம் கொடுத்த விலையையும் பழுது பார்த்த கூலியையும் சேர்த்துக் கேட்டார்; தவணையாகக் கொடுத்து முடித்தேன். நான் விற்ற தொகையைவிட அது கணிசமாக அதிகம்தான். இருந்தாலும் நியாயமான கணக்கு. மார்கழி பஜனைக்கு மட்டும் பெட்டியோடு வர வேண்டும் என்றார். வருகிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

இதை நல்லூழ் என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் ஆடி முடிந்து அடுத்த அச்சாரம் வரும்வரை கூத்துக்காரர் வீட்டில் வருமானம் அற்றுப்போகும் மாதங்கள் ஒவ்வோர் ஆண்டும் வருகின்றன. அதற்குப் பெருந்தொற்று தேவையில்லை. பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம், பெற்றோருக்கு மருத்துவச் செலவு என்று எது வந்தாலும், நகை தீர்ந்த பிறகு கையில் மிஞ்சுவது மத்தளமும் முகவீணை என்னும் சிறு ஊதுகுழலும்தான். இயல் இசை நாடக மன்றம் இசைக்கருவி வாங்க நிதியுதவி அளிப்பது பாராட்டுக்குரியது. ஆனால் புதிதாக ஒன்று வாங்கத் தரும் உதவி, பழகிய ஒன்றை விற்காமல் காப்பாற்றுவதற்கு ஈடாகாது.

எனவே, நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு பெற்ற கலைஞர்களுக்கு, அவர்களுடைய இசைக்கருவியையே ஈடாகக் கொண்டு, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் வழியாகக் குறுகிய காலக் கடன் வழங்க அரசு ஆவன செய்ய வேண்டும். வாகனக் கடனில் வண்டி கடன் வாங்கியவரிடமே ஓடுகிறதல்லவா? அதுபோலவே கருவியும் கலைஞரிடமே இருக்கட்டும். பெட்டகத்தில் வைத்துப் பூட்டினால் துருத்தித் தோல் வெடித்து, மத்தளத்தின் வார் தளர்ந்து, ஈட்டுப்பொருளே வீணாகிவிடும். தவணையைப் பங்குனி முதல் ஆடிக்குள் திருப்பிச் செலுத்தும்படி அமைத்தால் கலைஞராலும் முடியும், சங்கத்துக்கும் நட்டம் வராது. தொகையும் பெரிதாக இருக்கப்போவதில்லை. கோயில் தருமகர்த்தாக்களும் விழாக் குழுவினரும் அச்சாரத்தை மாசியில் தருவதற்குப் பதிலாக மார்கழியிலேயே தர மனம் வைத்தால், கடன் வாங்கும் தேவையே சிலருக்கு இராது.

இறுதியாக ஒரு சொந்த வேண்டுகோள். எங்கள் குழுவின் முகவீணைக்காரர் கடந்த ஐப்பசியில் தம் முகவீணையை வேலூரில் விற்றுவிட்டார். கருத்த மரக்குழல், மேலிருந்து மூன்றாம் துளைக்குப் பக்கத்தில் விரிசல் விட்டு, செப்புக்கம்பி சுற்றிக் கட்டப்பட்டிருக்கும். அதை வாங்கியவர் இக்கடிதத்தைப் படிக்க நேர்ந்தால், கொடுத்த விலைக்கோ சற்றுக் கூடுதலாகவோ திருப்பித் தர முடியுமா என்று இந்நாளிதழ் வழியாகத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அதுவரை அந்த விரிசலை அடைக்க வேண்டாம். கம்பியையும் அவிழ்க்க வேண்டாம்.

இப்படிக்கு,
கூத்துப் பெட்டிக்காரர் ஒருவர்,
அணைக்கட்டு வட்டம், வேலூர் மாவட்டம்.