ஜேம்ஸ்டவுன் போகிறோம் என்றால் உண்மையான ஜேம்ஸ்டவுனுக்கே போவோம்

எங்கள் வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் சுற்றுலாக் குழுவினருக்கு, வணக்கம்.

ஏப்ரலில் பிள்ளைகளை, வர்ஜீனியாவில் ஆங்கிலேயர் முதலில் நிலையாகக் குடியேறிய ஜேம்ஸ்டவுனுக்கும், பக்கத்திலுள்ள பழைய தலைநகரான வில்லியம்ஸ்பர்க்குக்கும் கூட்டிப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன், ரொம்ப சந்தோஷம். பஸ்ஸுக்குச் சொல்வதற்குள் சிலதைச் சொல்லிவிடுகிறேன், மற்ற பெற்றோரும் படிக்கட்டும்.

போன வருஷம் நான்காம் வகுப்பு படித்த என் மகளை அவள் பள்ளியில் அங்கேதான் கூட்டிப் போனார்கள். துணைக்குப் போன அம்மாக்களில் நானும் ஒருத்தி. பிள்ளைகள் கையில் ஒரு தாள், அதில் கோடிட்ட இடங்கள்: 1607-ல் வந்த மூன்று கப்பல்களின் பெயர் என்ன? சூசன் கான்ஸ்டன்ட், காட்ஸ்பீட், டிஸ்கவரி. ஆற்றில் நிற்கும் மாதிரிக் கப்பல்களில் ஏறி இறங்கினார்கள், மாதிரிக் கோட்டையைச் சுற்றினார்கள், கிஃப்ட் ஷாப்பில் முக்கால் மணி நேரம், அவ்வளவுதான், பஸ் கிளம்பிவிட்டது. மாதிரிகளை நான் குறை சொல்லவில்லை. டிஸ்கவரியின் அடித்தட்டில் தலையைக் குனிந்துகொண்டு நின்ற ஒரு பையன், நாலு மாதத்துக்கு மேல் இதற்குள்ளேயா இருந்தார்கள் என்று கேட்டுவிட்டு அப்படியே பேசாமல் நின்றான். அதற்காகவே அந்தக் கப்பலைக் காட்டலாம்.

ஆனால் உண்மையான இடம் பக்கத்திலேயே, காரில் சில நிமிடத்தில் இருக்கிறதே! 1607-ல் வந்தவர்கள் அங்கே கட்டிய கோட்டையை ஆறு தின்றுவிட்டது என்றுதான் ரொம்ப காலம் நம்பிக்கொண்டிருந்தார்கள். 1994-ல் வில்லியம் கெல்சோ என்ற தொல்லியலாளர் தோண்ட ஆரம்பித்தார். வேலிக்கு நட்ட மரங்கள் மக்கிப்போன இடமெல்லாம் மண்ணில் கறுப்புத் தடமாக வரிசையாகத் தெரிந்தது, அதை வைத்தே கோட்டையின் சுவர் எங்கே ஓடியது என்று பிடித்துவிட்டார்கள். இன்னமும் தோண்டுகிறார்கள், பிள்ளைகள் அருகில் நின்று பார்க்கலாம். (அங்குள்ள மியூசியத்தில், 1609-10 பஞ்சத்தில் இறந்த 14 வயதுப் பெண்ணின் எலும்புகள் இருக்கின்றன. சின்னப் பிள்ளைகளை அந்தப் பக்கம் கூட்டிப் போக வேண்டாம்.)

என் மனதை அறுத்துக்கொண்டிருப்பது அந்தத் தாளில் இல்லாத கப்பல்கள்தான். 1619 ஜூலை 30 அன்று ஜேம்ஸ்டவுன் தேவாலயத்தில் முதல் சட்டசபை கூடியது, அது எல்லாப் பாடத்திலும் இருக்கிறது. அடுத்த மாதக் கடைசியில் ஒயிட் லயன் என்ற கப்பல் வர்ஜீனியாக் கரையில் பாயின்ட் கம்ஃபர்ட் என்ற இடத்தில் வந்து நின்றது. அதில் வந்த இருபதுக்குச் சற்று மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை உணவுப் பொருளுக்கு மாற்றிக்கொண்டார்கள். பின்னாலேயே ட்ரெஷரர் என்று இன்னொரு கப்பல். அதில் வந்த ஒரு பெண் 1625 கணக்கெடுப்பில் கேப்டன் வில்லியம் பியர்ஸ் வீட்டில் இருக்கிறாள். பெயர் ஏஞ்சலா, வந்த கப்பல் ட்ரெஷரர், அதோடு சரி. அப்பா பெயர் இல்லை, ஊர் இல்லை. அவள் இருந்த மனையையும் தோண்டியிருக்கிறார்கள், கோட்டையிலிருந்து நடந்தே போய்விடலாம். பிள்ளைகளை அங்கே பத்து நிமிடமாவது நிற்க வையுங்கள்.

அப்புறம், ஆள் கொண்டுவந்தால் தலைக்கு 50 ஏக்கர் நிலம் என்று ஒரு ஏற்பாடு இருந்தது. 1635-ல் ஜார்ஜ் மெனஃபி என்பவர் அப்படி நிலம் கேட்டுக் கொடுத்த பட்டியலில் 'டோனி, கிழக்கிந்தியர்' என்று ஒருவர் இருக்கிறார். எந்த ஊர்க்காரர் என்று அந்தத் தாள் சொல்லவில்லை. நம் பிள்ளைகள் இதைக் கேட்டால் நிச்சயம் ஆயிரம் கேள்வி கேட்பார்கள், கேட்கட்டும்.

அந்த மண்ணின் பூர்வகுடிகளான போஹாட்டன் மக்களைப் பற்றிப் பேசும்போது வினைச்சொல்லில் கவனம் வேண்டும், தமிழ்ப் பள்ளி என்பதால் சொல்கிறேன். என் மகள் 'வாழ்ந்தார்கள்' என்றே எழுதியிருந்தாள். வாழ்கிறார்கள். அவர்களில் பமன்கி, மட்டபொனை மக்கள் இதே வர்ஜீனியாவில் இன்றும் இருக்கிறார்கள். ஆங்கிலேயரோடு செய்த 1677 உடன்படிக்கையின்படி வருஷா வருஷம் தாங்க்ஸ்கிவிங் சமயத்தில் ஆளுநருக்கு மான் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள்.

வில்லியம்ஸ்பர்க்கில் நேரம் குறைவு என்றால் ஆளுநர் மாளிகையைக்கூட விட்டுவிடுங்கள், ப்ரே பள்ளியை விடாதீர்கள். 1760 முதல் 1774 வரை கறுப்பினப் பிள்ளைகள் படித்த பள்ளி அது. பெரும்பாலும் அடிமைப்பட்டிருந்த பிள்ளைகள். ஆன் வேஜர் என்ற ஒரே ஆசிரியை. எழுத்துக் கூட்டிப் படிக்கவும் சொல்லிக்கொடுத்தார்கள், அடங்கி நடக்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தக் கட்டடத்தை 2023-ல்தான் அப்படியே நகர்த்திக் கொண்டுவந்து வைத்தார்கள்.

ஆகவே, காலையில் முதலில் அசல் இடம், இரண்டு மணி நேரமாவது. மாதிரிக் கப்பல் மதியம். பிள்ளைகளுக்கான தாளை நான் தமிழில் எழுதித் தருகிறேன், ஐந்து கப்பல் பெயருக்கும் இடம் விட்டு. துணைக்கும் வருகிறேன். வரும் சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் பேசுவோமா?

நான்காம் நிலை மாணவி ஒருத்தியின் அம்மா