அம்மாவின் சீனி அளவுகளுக்குப் பூட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் அம்மாவுக்கு 72 வயது. சீனி வருத்தம் வந்து பதினாறு வருடமாகிறது. காலையில் தேத்தண்ணி குடிக்க முதல் விரலில் குத்தி, ஸ்ட்ரிப்பில் ஒரு துளி இரத்தம் வைத்து, மீட்டரில் வரும் எண்ணைத் தானே போனில் பதிவார். போன் பித்தளைச் செம்பில் சாய்ந்து நிற்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒற்றை விரலால் ஒவ்வோர் இலக்கமாகக் குத்துவார். “நூற்றி முப்பத்தொன்று, பிள்ளை” என்று குசினிக்குள் நிற்கும் எனக்குக் குரல் வரும். மூன்று வருடமாக எங்கள் வீட்டில் பொழுது விடிந்தது இப்படித்தான்.

அந்தப் பதிவுகள் இப்போது திறக்காது. மாதம் 9.99 டொலர் கட்டினால் திறக்குமாம்.

வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஆட்கள் சிலர் சேர்ந்து தமிழில் நடத்தும் ஓர் இணையச் சுகாதாரத் திட்டத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம். மூன்று வருடம் சும்மா பயன்பெற்றுவிட்டு இப்போது பேப்பரில் பெயர் போட்டு ஏச எனக்கு மனமில்லை. உண்மையில் அதைப்போல ஒன்று எங்களுக்கு முன்பு கிடைத்ததில்லை. மற்ற ஆப்கள் எல்லாம் அம்மாவை ஓட்ஸும் சாலட்டும் சாப்பிடச் சொல்லும். இது பிட்டைப் பற்றிப் பேசியது. நீத்துப்பெட்டிப் பிட்டில் பாதியோடு நிறுத்தி முருங்கையிலை வறையைக் கூட்டிப் போடு, சொதிக்கு முதற்பாலைக் குறை, கறுத்தக்கொழும்பான் மாம்பழக் காலத்தில் ஒரு நாளைக்கு ஒரு கீலம், அதுவும் சோற்றுக்கு மேலே வேண்டாம் என்று விளங்கப்படுத்தியது. நான் பத்து வருடமாகச் சொல்லிக் கேளாத அம்மா, போன் சொன்னதும் கேட்டார். சனிக்கிழமை இரவுகளில் ஒரு வைத்தியர் போன் திரையில் நேரலையில் வந்து கேள்விகளுக்குப் பதில் சொல்வார். அம்மா அதற்கென்று சேலை மாற்றிக்கொண்டு இருப்பார்.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே எங்கள் பிள்ளைகளுக்கு மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தவர், மருத்துவப் புத்தகங்களையும் தமிழுக்குக் கொண்டுவந்தவர். அந்த ஊர்க்காரியான அம்மாவுக்குத் தன் வருத்தத்தைத் தன் மொழியில் ஒழுங்காக ஒருவர் சொல்லிக் கேட்க 69 வயது வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். காசு கேட்பது பிழை என்று நான் சொல்லவில்லை. சேர்வருக்கு வாடகை உண்டு, வைத்தியரின் சனிக்கிழமைக்கும் ஒரு பெறுமதி உண்டு. தொடங்கிய ஆர்வமும் உதவிக் காசும் எத்தனை நாளைக்குத்தான் தாங்கும்? அவுஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2001இல் தொடங்கிய மூட்ஜிம் என்ற, மனச்சோர்வைக் குறைக்கும் இணையப் பயிற்சியும் பல வருடம் இலவசமாக ஓடியது, பிறகு அதற்கும் சந்தா வந்தது. பல்கலைக்கழகம் தொடங்கியதற்கே அந்த நிலை என்றால் இவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் எப்படிக் கேட்பது என்று ஒன்று இருக்கிறதே. அறிவித்தல், பூட்டுவதற்கு ஒன்பது நாளைக்கு முன் மின்னஞ்சலில் வந்திருக்கிறது. அம்மாவின் மின்னஞ்சல் என்பது கணக்குத் திறப்பதற்காக நான் உண்டாக்கியது. அதை நானும் பார்ப்பதில்லை, அவரும் பார்ப்பதில்லை. தினமும் காலையில் திறக்கிற அதே திரையில் இரண்டு வரி போட்டிருந்தால் அம்மாவே வாசித்திருப்பார்.

அப்புறம் அந்த 9.99 டொலர். இன்றைய விலைக்கு இலங்கைக் காசில் மாதம் மூவாயிரம் ரூபாய் பக்கம் வருகிறது. குளிசை கிளினிக்கில் தருகிறார்கள், ஸ்ட்ரிப் நாங்கள்தான் வாங்குகிறோம், அதற்கே ஒருநாள் விட்டு ஒருநாள் குத்தலாமா என்று அம்மா கணக்குப் பார்ப்பவர். அதைக்கூட விடுங்கள். கட்டுவதற்கு இருக்கிற ஒரே வழி கிரெடிட் காட். எங்கள் ஒழுங்கையில் இந்தத் திட்டத்தில் சேர்ந்த ஐந்து பேரில் யாரிடமும் அது இல்லை. ஒருவருக்குக் கனடாவில் இருக்கிற மகன் கட்டிவிட்டார். மகன் கனடாவில் இல்லாத மற்ற நாலு பேரும் என்ன செய்வது? போன் ரீலோடில் கழிக்கவோ உள்ளூர் வங்கிக் கணக்கில் போடவோ வழி செய்திருந்தால், ஐந்நூறு ரூபாய் என்றால், அம்மா தன் ஓய்வூதியத்திலேயே கட்டியிருப்பார். தேவைப்படுகிறவர் கட்டத்தானே செய்வார் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். 1971இல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் வெளிநோயாளருக்கு 25 சதக் கட்டணம் வைத்தார்கள். வெறும் 25 சதம்தான். அதற்கே வருகிற சனம் குறைந்துபோனது. 1977இல்தான் அதை எடுத்தார்கள். அம்மா அப்போது இளம்பெண். காய்ச்சலோடு நாலு நாள் கஷாயம் குடித்துச் சமாளித்த கதையை இப்போதும் சொல்லுவார்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது அந்தப் பூட்டு.

சீனி வருத்தக்காரருக்கு ஒருநாள் எண் பெரிதாக ஒன்றும் சொல்லாது. இரவு விரதமிருந்து காலையில் பார்த்தால் 130க்குள் நிற்க வேண்டும் என்பார்கள். ஒருநாள் 150 வந்தால் அது முதல்நாள் கலியாணவீட்டுப் பாயாசமாகவும் இருக்கலாம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை இருக்கிறது. ஆனால் அந்தச் சராசரி எந்தக் கிழமை ஏறியது, எந்தக் கிழமை இறங்கியது, இரவுக் குளிசையை மாற்றிய பிறகு என்ன நடந்தது என்பதைத் தினமும் குத்திப் பதிந்த எண்கள்தான் காட்டும். கிளினிக் கொப்பியில் ஒரு வருகைக்கு ஒரு வரிதான் இருக்கும். அம்மாவின் போனில் மூன்று வருடத்துக் கோடு இருந்தது. போன வருடம் கிளினிக் டொக்டர் அதைப் பெருவிரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துத்தான் ஒரு குளிசையைப் பாதியாக்கினார். விடியக்காலையில் அம்மாவுக்குத் தலை சுற்றியது அதோடு நின்றது.

போன மாதக் கிளினிக்கில் அதே டொக்டர், “எங்கே அம்மா உங்கட கோடு?” என்று கேட்டார். அம்மா போனை நீட்டினார். திரையில் ஒரு பூட்டுப் படமும் ‘தொடர்ந்து பார்க்கச் சந்தா செலுத்துங்கள்’ என்ற வரியும். அம்மா வெட்கப்பட்டுப் போனார். ஏதோ கடன் வைத்துவிட்டுக் கடைக்குப் போனவர் மாதிரி.

அந்த எண்கள் யாருடையவை? விரல் அம்மாவுடையது, இரத்தம் அம்மாவுடையது, ஸ்ட்ரிப் வாங்கிய காசு எங்களுடையது. பாடங்களைப் பூட்டுங்கள், சனிக்கிழமைக் கலந்துரையாடலைப் பூட்டுங்கள், அவை நீங்கள் உண்டாக்கியவை. இந்த எண்கள் உங்களிடம் வைக்கத் தந்தவை. எங்கள் நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று உண்டு. ஒருவர் தன்னைப் பற்றிய தரவைக் கேட்டுப் பெறும் உரிமை அதில் சொல்லப்பட்டிருக்கிறது. அது நடைமுறைக்கு வருவதைத் தள்ளிப்போட்டார்கள் என்பது வேறு கதை. நான் சட்டம் பேசி வழக்கு வைக்கப் போவதில்லை. இரண்டு தடவை எழுதிக் கேட்டேன். ‘உங்கள் ஆதரவுக்கு நன்றி’ என்று தானாக வரும் பதில்தான் இரண்டு தடவையும் வந்தது.

அவர்களில் யாராவது இந்தப் பத்திரிகையை வாசிப்பார்கள் என்று நம்புகிறேன். வெளிநாட்டில் இருந்தாலும் ஊர்ப் பேப்பரை விடாதவர்கள்தானே நாங்கள். இலவசமாகத் திருப்பித் தாருங்கள் என்று கேட்கவில்லை. கட்டாதவர்களும் தங்கள் பழைய பதிவுகளை ஒருதடவை இறக்கி எடுத்துக்கொள்ள ஒரு பொத்தான் வையுங்கள். அது முடியாதென்றால் கடதாசியில் அச்சடித்துத் தபாலில் அனுப்புங்கள், தபாற்செலவை நான் தருகிறேன். இனிச் சேருகிறவர்களுக்கு இது எத்தனை மாதம் இலவசம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இப்போது அம்மா ஒரு சீஆர் கொப்பியில் கோடு போட்டு எழுதுகிறார். இன்றைக்கு 138. பழையது இல்லாமல் அது கூடினதா குறைந்ததா என்று அவருக்கே தெரியவில்லை. அடுத்த கிளினிக் வருகிற மாதம் நாலாந் திகதி. அதற்கு முதல் அந்த மூன்று வருட எண்களும் கைக்கு வந்தால் போதும்.

இப்படிக்கு,
கொக்குவில் வாசகி