மீன்தொட்டிக்கு வடிகட்டி வாங்கும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளி விடுமுறை வந்தால் எங்கள் தோட்டப்புற நகரில் தங்கமீனும் கப்பியும் பல வீடுகளுக்கு வந்து சேர்கின்றன; தொட்டியையும் வண்ணக் கற்களையும் வாங்கித் தரும் பெற்றோர் பலர் வடிகட்டியைப் பற்றி எண்ணிப் பார்ப்பதில்லை என்பது வருத்தமளிக்கிறது.

மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் உருவாகும் அம்மோனியா, பார்வைக்குத் தெளிவாக இருக்கும் நீரிலும் மீனைக் கொல்லும். வடிகட்டிப் பஞ்சில் குடியேறும் நுண்ணுயிரிகளே அதை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அவை பெருகச் சில வாரங்கள் ஆகும். பஞ்சைக் குழாய் நீரில் அலசினால் குளோரின் அவற்றை அழித்துவிடும் என்பதால், தொட்டியிலிருந்து வாளியில் எடுத்த நீரிலேயே பிழிந்தெடுக்க வேண்டும்.

நம் நாட்டு வெப்பத்தில் காற்றூட்டமும் இன்றியமையாதது. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் அது 7.5 மில்லிகிராமாகக் குறைகிறது. குமிழிகள் நீர்ப்பரப்பைக் கலக்குவதால்தான் பெரும்பகுதி ஆக்சிஜன் உள்ளே சேர்கிறது. ஆகவே சிறு தொட்டிக்கு, காற்றுப் பம்பினால் இயங்கும் பஞ்சு வடிகட்டியே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து; அதில் கப்பிக் குஞ்சுகளும் உறிஞ்சப்படமாட்டா. கழிவு மிகுந்த தங்கமீனுக்கோ, தொட்டி நீரை மணிக்கு 4, 5 முறையாவது சுழற்றும் வடிகட்டி தேவை.

மின்தடையின்போது குழாய் வழியாக நீர் பம்புக்குள் இறங்காதபடி, பம்பை நீர்மட்டத்திற்கு மேலே வைக்க வேண்டும். மீன் விற்கும் கடைக்காரர்கள் இவற்றை வாங்குவோரிடம் எடுத்துச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மீன் வளர்ப்பு ஆர்வலர்,
சுங்கை சிப்புட், பேராக்.