கடற்கரையில் அன்று உதவிய அக்காவுக்கு

விடுமுறைக் கூட்டத்தில் உங்கள் பெயரைக்கூடக் கேட்க வாய்க்கவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு, அக்கா.

என் தம்பி இடுப்பளவு தண்ணீரில்தான் நின்றிருந்தான். இரண்டு பக்கமும் அலை உடைந்து நுரைக்க, அவன் நின்ற இடம் மட்டும் அமைதியாக இருந்தது. அங்கேதான் நீர் அவனைக் கடலுக்குள் இழுத்தது. கரைக்கு வந்த நீர் அப்படியொரு ஒடுங்கிய வழியாகத்தான் கடலுக்குத் திரும்பும் என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். வேகம் கூடினால் நொடிக்கு 2 மீட்டரையும் தாண்டுமாம். நன்றாக நீந்தத் தெரிந்தவராலும் எதிர்த்து வர முடியாது.

யாரும் உங்களைக் கூப்பிடவில்லை. "கரையைப் பார்த்து நீந்தாதே தம்பி, மித! பக்கவாட்டில் வா!" என்று கையை வீசிக் காட்டியபடி மணலில் அவனோடு கூடவே ஓடினீர்கள். பதறி இறங்கப்போன அப்பாவைத் தோளைப் பிடித்து நிறுத்தினீர்கள். காப்பாற்றப் போனவரும் மூழ்குவது எத்தனை முறை நடந்திருக்கிறது! அலை உடையும் இடத்துக்கு அவன் வந்ததும், அலையே கரைக்குத் தள்ளிவிட்டது.

அப்புறம் நீங்கள் செய்ததையும் சொல்ல வேண்டும். எல்லோரும் அவனைச் சூழ்ந்தபோது, நீங்கள் மேட்டு மணலில் ஒரு சின்னக் குழியருகே கைகளை விரித்து நின்றீர்கள். உள்ளே மணல் நிறத்தில், கரும்புள்ளிகளோடு உப்புக்கொத்தி என்ற சின்னப் பறவையின் முட்டைகள். தாய்ப்பறவை விலகியே இருந்தால் வெயிலில் கரு செத்துவிடும் என்று சொல்லிக் கூட்டத்தைத் தள்ளி நிற்கவைத்தீர்கள். ஆளையே இழுத்துப்போகும் கடல், கால் பட்டாலே நொறுங்கும் முட்டை. இரண்டும் உங்கள் கண்ணில் பட்டிருக்கின்றன.

தம்பி நலம். இந்த அக்காவைத் தெரிந்தவர்கள் இதை அவரிடம் சேர்த்துவிடுங்கள். ரொம்ப நன்றி அக்கா, அப்பாவும் சொல்லச் சொன்னார்.