கிராட்ஸ் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் ஆஸ்திரியா பயணக் கட்டுரையைப் படித்தேன். வியன்னாவுக்கு ஒரு பக்கம், சால்ஸ்பர்க்குக்கு அரைப் பக்கம், கிராட்ஸ் நகருக்கு நான்கே வரி. இடம் போதாவிட்டால் யார் என்ன செய்ய முடியும்? வரி குறைந்தது பற்றி எனக்கு வருத்தமில்லை. அந்த நான்கு வரிக்கு மேலே குன்றின் மீது நிற்கும் மணிக்கூண்டின் படத்தைப் போட்டு, ‘ஓடாத கடிகாரம்: காலம் நின்றுபோன நகரம்’ என்று அடியில் எழுதியிருக்கிறீர்கள். அதற்காகத்தான் பேனாவை எடுத்தேன்.

பாளையங்கோட்டையில் 41 வருடம் கடிகாரம் பழுதுபார்த்துப் பிழைத்தவன் நான். ஓடுகிற கடிகாரத்தை ஓடவில்லை என்று ஒருவர் சொன்னால் எனக்குத் தூக்கம் வராது.

படத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பெரிய முள் 9-ஐச் சற்றுத் தாண்டியிருக்கிறது, சின்ன முள் நேராக 2-இல் நிற்கிறது. நம் ஊர்க் கணக்கில் 1:46 என்று படித்தால் சின்ன முள் 2-ஐத் தொட்டிருக்கக் கூடாது. 2:46 என்றால் அது 3-ஐ நெருங்கியிருக்க வேண்டும். இரண்டும் பொருந்தாததால் கட்டுரையாளர் கடிகாரம் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டியிருக்கிறார். உண்மையில் அந்தக் கூண்டில் பெரிய முள்தான் மணி காட்டும், சின்ன முள் நிமிடம் காட்டும். ஆதியில் அதற்கு ஒரே முள்தான். கீழே தெருவில் போகிறவனுக்கும் ஆற்றுக்கு அப்பால் நிற்பவனுக்கும் மணி தெரிய வேண்டும் என்று அதை நீளமாகச் செய்தார்கள். நிமிட முள் பின்னால் வந்தது. இரண்டையும் பிரித்தறிய அதைக் குட்டையாக வைத்தார்கள். முகப்பு ஒவ்வொன்றும் 5 மீட்டருக்கு மேல் அகலம். உள்ளே 1712-இல் பொருத்திய இயந்திரம், இப்போது மின்சாரத்தின் துணையோடு ஓடுகிறது. என் கைக்கடிகாரத்தோடு ஆறு வாரம் ஒப்பிட்டுப் பார்த்தேன். தவறினால் என்னுடையதுதான் தவறியது.

ஆறு வாரம் என்றது, பேத்தி பிறந்ததையொட்டி நானும் என் மனைவியும் மகள் வீட்டில் தங்கியிருந்த காலம். செப்டம்பர் நடுவில் போய் அக்டோபர் கடைசியில் திரும்பினோம். பகலில் குழந்தை தூங்கும் நேரமெல்லாம் எனக்கு ஊர் சுற்றும் நேரம்.

‘வியன்னாவிலிருந்து அரைநாளில் பார்த்துத் திரும்பலாம்’ என்கிறது கட்டுரை. ரயிலில் போகவே இரண்டரை மணி நேரம், வரவும் அவ்வளவு. செம்மரிங் மலைப்பாதை வழியாகப் போகும் ரயில் அது. 1854-இல் திறந்த பாதை, இன்று உலகப் பாரம்பரியச் சின்னம். அதில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்துவிட்டு மிச்ச நேரத்தில் எந்த ஊரைப் பார்ப்பது? இரண்டு இரவாவது தங்குங்கள் என்று எழுதியிருக்கலாம்.

முதல் நாள் காலையில் குன்றுக்குப் போய்விட வேண்டும். ஷ்லோஸ்பெர்க் என்று பெயர். ஏற மூன்று வழி உண்டு: 1894 முதல் ஓடும் கம்பிவடரயில், பாறைக்குள் குடைந்த லிஃப்ட், 260 படிகள். நான் படியேறினேன். பாதியில் உட்கார்ந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், என் மனைவி இதைப் படிப்பாள். மேலே ஒரு காலத்தில் பெருங்கோட்டை இருந்தது. 1809-இல் நெப்போலியன் படை முற்றுகையிட்டும் அதைப் பிடிக்க முடியவில்லை. பிறகு சமாதான உடன்படிக்கைப்படி கோட்டையை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அப்போது ஊர்மக்கள் தங்கள் கையிலிருந்து 2,987 கில்டனும் 11 குரோய்ட்ஸரும் கட்டி, மணிக்கூண்டையும் பக்கத்து மணிக்கோபுரத்தையும் மீட்டுக்கொண்டார்கள். அந்த 11 குரோய்ட்ஸர் சில்லறை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கடைசிக் காசு வரை பேரம் பேசியிருக்கிறார்கள். காசு கொடுத்துக் காப்பாற்றிய கடிகாரத்தைத்தான் நீங்கள் ‘ஓடாத கடிகாரம்’ என்று எழுதினீர்கள்.

மணிக்கோபுரத்தில் ‘லீசல்’ என்றொரு பெரிய மணி, 1587-இல் வார்த்தது. காலை 7, நண்பகல், மாலை 7 என மூன்று வேளையும் 101 முறை அடிக்கும். நான் எண்ணிப் பார்த்தேன். முதல் நாள் 99 வந்தது, தவறு என்னுடையது. மறுநாள் சரியாக வந்தது.

இனிச் சாப்பாடு. இதற்குக் கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லை.

கிராட்ஸ் ஸ்டைர்மார்க் மாநிலத்தின் தலைநகர். அங்கே எதைக் கேட்டாலும் மேலே கரும்பச்சையாக ஓர் எண்ணெய் ஊற்றித் தருவார்கள். பூசணி விதை எண்ணெய் அது. அவர்கள் வளர்க்கும் பூசணியின் விதைக்கு மேல்தோடு கிடையாது. விதையை அரைத்து, தண்ணீரும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, வறுத்த பிறகு பிழிகிறார்கள். ஒரு லிட்டருக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ விதை வேண்டும். செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயை முகர்ந்து வளர்ந்த மூக்குக்கு அந்த வறுத்த வாசனை அந்நியமாகத் தெரியாது. ஆனால் தாளிக்கக் கூடாது, சூடேறினால் கசந்துவிடும். உருளைக்கிழங்கு சாலட்டில் ஊற்றுகிறார்கள், ரொட்டியில் தொடுகிறார்கள். வெனிலா ஐஸ்கிரீம் மேலும் ஊற்றுகிறார்கள். கேட்டதும் முகம் சுளித்த என் மனைவி, மறுமுறை தானாகவே அதைத்தான் கேட்டாள். வேட்டியில் சிந்திவிட்டால் சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டாம், வெயிலில் காயப்போட்டால் பச்சை வெளுத்துவிடும். மாப்பிள்ளை சொன்னபோது நம்பவில்லை, வெளுத்த பிறகு நம்பினேன்.

வாங்குவதற்கு இசைநாடக அரங்கின் பின்புறம் கைசர் யோசெஃப் சதுக்கத்துச் சந்தைதான் சரியான இடம். ஞாயிறு தவிர எல்லா நாளும் காலையில் கூடும், மதியத்துக்குள் கடையைக் கட்டிவிடுவார்கள். சுற்றுவட்டார விவசாயிகளே ஆப்பிளும் கீரையும் முட்டையும் எண்ணெயும் கொண்டுவருகிறார்கள். அங்கே வண்டு அவரை என்று பொருள்படும் ஒரு பயறு கிடைக்கும். ஆமணக்கு முத்தைப் பெருக்கவைத்தாற்போல் ஊதாவும் கறுப்பும் கலந்த வரி ஓடும். வேகவைத்து, வெங்காயம் நறுக்கிப் போட்டு, வினிகரும் அந்த எண்ணெயும் விட்டுத் தருவார்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் கவலையின்றிக் கேட்கலாம்.

சைவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சூப்பில் தோசையை நூல்நூலாக நறுக்கிப் போட்டாற்போல ஒன்று வரும், பார்க்க அப்பாவியாக இருக்கும். அந்தச் சாறு மாட்டிறைச்சியில் காய்ச்சியது. ஸ்டெர்ட்ஸ் என்று மக்காச்சோள மாவில் உதிரியாகக் கிளறிய ஒன்று உண்டு. நம் உப்புமாவுக்கு ஒன்றுவிட்ட சகோதரி. அதன் மேல் பன்றிக்கொழுப்பை வறுத்துத் தூவுவது வழக்கம். ‘ஓனெ ஃப்ளைஷ், ஓனெ ஷ்பெக்’ என்று இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இறைச்சி வேண்டாம், பன்றிக்கொழுப்பும் வேண்டாம் என்று பொருள். முதலாவதை மட்டும் சொன்னால், கொழுப்பை அவர்கள் இறைச்சிக் கணக்கில் சேர்க்காமலும் போகலாம். நான் எல்லாம் சாப்பிடுகிறவன் என்பதால் ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த கோழியையும் சொல்லிவிடுகிறேன். கூடவே உருளைக்கிழங்கு சாலட், அதன் மேல் மறுபடியும் பச்சை எண்ணெய்.

குடிப்பதைப் பற்றிக் குடும்பப் பத்திரிகையில் எழுதலாமா என்று யோசித்தேன். பனைமரத்து ஊர்க்காரன் எழுதாமல் வேறு யார் எழுதுவது? இலையுதிர் காலத்தில் போனால் ‘ஷ்டுர்ம்’ கிடைக்கும். புயல் என்று பொருள். திராட்சைச் சாறு புளித்து ஒயினாகும் வழியில், பாதியில் பிடித்தது. பதநீருக்கும் கள்ளுக்கும் நடுவே ஒரு பருவம் உண்டல்லவா, இனிப்புப் போகாமல் நாக்கில் சுருக்கென்று குத்துமே, அதே பருவம். கலங்கலாக இருக்கும், நாளுக்கு நாள் இனிப்புக் குறைந்து ஏறும். வாயு வெளியேற வேண்டும் என்று பாட்டிலை இறுக மூடாமல்தான் விற்கிறார்கள். அது தெரியாமல் நான் பையில் படுக்கவைத்துக்கொண்டு டிராமில் ஏறினேன். இறங்கும்போது பையிலிருந்த என் மனைவியின் சால்வை முழுக்கப் புயல். அதற்கு வெயில் வைத்தியம் பலிக்கவில்லை. தெருவில் கரியடுப்பில் சுட்டுத்தரும் கஷ்கொட்டையோடு (செஸ்ட்நட்) ஷ்டுர்மைக் குடிப்பது அவர்கள் முறை. மது வேண்டாதவர்கள் கஷ்கொட்டையை மட்டும் காகிதப் பொட்டலத்தில் வாங்கிக்கொண்டு நடக்கலாம். குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம். காபி கேட்டால் ஒரு குவளைத் தண்ணீரும் கூடவே வரும்.

ஒரு நாள் மருமகன் தெற்கே திராட்சைக் குன்றுகளுக்கு அழைத்துப்போனார். வாசலில் மரக்கிளை தொங்கினால் கடை திறந்திருக்கிறது என்று அர்த்தம். தோட்டக்காரரே தம் மதுவை விற்க 1784-இல் பேரரசர் இரண்டாம் யோசெஃப் கொடுத்த உரிமை. அங்கே சமைத்த சூடான உணவு கிடையாது, ரொட்டி, பாலாடை, ஆறிய இறைச்சிதான். அதைவிட எனக்குப் பிடித்தது, தோட்டத்து நடுவே நின்ற மரக் காற்றாடி. காற்றில் சுழலும்போது உள்ளே சின்னச் சுத்தியல்கள் பலகையைத் தட்டித் தட்டிப் பறவைகளை விரட்டுகின்றன. தினைப்புனத்தில் கிளி விரட்டும் தட்டையை ஒருவன் இயந்திரமாக்கினால் இப்படித்தான் இருக்கும். அரைமணி நேரம் அதன் அச்சையே பார்த்துக்கொண்டு நின்றேன், மற்றவர்கள் சாப்பிட்டு முடித்துவிட்டார்கள்.

நகரத்துக்குள் பார்க்க நிறைய உண்டு. ஆயுதசாலை ஒன்று, 1640-களில் கட்டியது. மரச்சட்டங்களில் சுமார் 32,000 கவசங்களும் துப்பாக்கிகளும் வாள்களும் அடுக்கியபடி இருக்கின்றன. நாளை காலை போருக்குக் கூப்பிட்டால் எடுத்துக் கொடுத்துவிடலாம். கோட்டைமனை என்னும் பழைய அரண்மனையில் 1499-இல் கட்டிய கல் படிக்கட்டு, இரண்டாகப் பிரிந்து, சேர்ந்து, மறுபடி பிரிந்து ஏறுகிறது. 1569 முதல் நடக்கும் ரொட்டிக்கடை ஒன்றின் மர முகப்பில் இருதலைப் புள் செதுக்கியிருக்கிறது. ஆற்றங்கரையில் 2003-இல் கட்டிய நீலக் கலைக்கூடம் எனக்குக் கத்தரிக்காயாகத்தான் தெரிந்தது. மகள் கோபித்துக்கொண்டாள்.

ஆனால் எக்கன்பெர்க் அரண்மனையைத் தவறவிடக் கூடாது. டிராமிலேயே போகலாம். 1625-இல் கட்டத் தொடங்கியவர்கள் ஒரு வருடத்தையே கட்டடமாக எழுப்பிவிட்டார்கள். வெளிச்சன்னல் 365. மாடிக்கு 31 அறை. அலங்கார அறைகள் 24, அவற்றின் சன்னல்கள் 52. மூலைக்கொரு கோபுரமாக நான்கு பருவம். இதே ஊரில்தான் 1594 முதல் 1600 வரை வானியலாளர் கெப்ளர் கணிதம் கற்பித்தார். அலங்கார அறைகளுக்கு இன்றுவரை மின்விளக்கு இல்லை, மெழுகுவத்தி விளக்குதான். வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே விடுவார்கள், குளிர்காலத்தில் அதுவும் இல்லை. ‘இந்திய அறை’ என்றார்கள், ஆவலாகப் போனேன். சுவரில் பதித்திருந்தது ஜப்பானின் ஒசாகா கோட்டையை வரைந்த பழைய மடிப்புத்திரை. இந்தியா இருந்தது வெளியே, தோட்டத்தில்: மயில்கள். ஒன்று அகவியதும் என் மனைவி ‘மழை வரும்’ என்றாள். வந்தது.

திருத்தம் வெளியிடுவதாக இருந்தால் அந்தப் படத்தையே மறுபடி போடுங்கள். கூண்டின் கிழக்குப் பக்கத்தில் வெயில் விழுகிறது, எனவே முற்பகல். அடியில் இப்படி எழுதினால் போதும்: கிராட்ஸ், காலை மணி 9:10.

இப்படிக்கு,
கடிகாரம் பழுதுபார்ப்பவர் (ஓய்வு),
பாளையங்கோட்டை