மண்டபம் வேண்டாம், பஸ் காசு அனுப்பு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை.

நேற்றிரவு நீ தொலைபேசியில் கேட்டதற்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. கனடாவில் இருக்கிற நம் ஊர்ச் சங்கம் இங்கே நம் கோயில் அறநெறிப் பாடசாலைக்கு, அதுதான் ஞாயிறு சமய வகுப்புக்கு, மாடி மண்டபம் கட்டப்போகிறது, நீயும் மருமகனும் எவ்வளவு போடலாம் என்று கேட்டாய். முப்பத்தொரு வருடம் பாடசாலையில் சைவநெறிப் பாடம் படிப்பித்த தகப்பன் மகிழ்ந்துபோவார் என்று நினைத்திருப்பாய். உன் மனம் எனக்குத் தெரியும், பிள்ளை. ஆனாலும் சொல்கிறேன், மண்டபத்துக்குக் காசு போடாதே.

ஞாயிறு காலையில் அன்னதான மண்டபம் சும்மாதான் கிடக்கிறது. பிள்ளைகள் அங்கே பாய் விரித்து இருந்து படிக்கிறார்கள். கூரை ஒழுகுவதில்லை. பாடப் புத்தகங்களை இந்து சமய கலாசார அலுவல்கள் திணைக்களம் இலவசமாகத் தருகிறது. இல்லாதது படிப்பிக்க ஆள். போன வருடம் ஐந்து பேர் இருந்தார்கள், இப்போது மூன்று பேர். போன இருவரையும் ரியூசன் நிலையம் ஞாயிறு காலைக்குக் கூப்பிட்டது, காசும் கொடுக்கிறது. வீட்டு நிலைமை அப்படி, அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். இருக்கிற மூவரில் ஒருத்தி இரண்டு பஸ் மாறி வருகிறாள். அறநெறி ஆசிரியர்களுக்கான தர்மாசிரியர் பரீட்சைக்கும் படித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்குச் சம்பளம் கிடையாது, பஸ் காசும் கைக்காசு. அவளும் நின்றுவிட்டால் தேவாரம் முதலான ஐந்து திருமுறைப் பாடல்களை, பஞ்சபுராணத்தை, ஓதக் கற்றுக்கொடுக்க ஆளில்லை. நான் நான்கு மாதம் போய்ப் பார்த்தேன். பண்ணோடு பாட என் தொண்டை இனி இடம் கொடுக்காது.

உன் பூட்டி அடுப்படியில் ஒரு சின்னப் பானை வைத்திருந்தா. உலையில் அரிசி போடும்போதெல்லாம் ஒரு பிடி அதற்குள் போகும். மாதக் கடைசியில் சைவப் பள்ளிக்கூடத்துக்கென்று யாராவது வந்து வாங்கிப்போவார்கள். வண்ணார்பண்ணையில் 1848 இல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலர், மிஷன் பாடசாலை உத்தியோகத்தை விட்டுவிட்டு வந்தவர். 1923 இல் சைவ வித்தியா விருத்திச் சங்கம் தோன்றியபின் ஊர் ஊராகச் சைவப் பாடசாலைகள் எழுந்தன. 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் பெரும்பாலான பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. பாடசாலைச் செலவு அரசின் கடமையாயிற்று, பூட்டியின் பானை வெறும் பானையாயிற்று. அதன்பின் சமயக் கல்விக்குக் கொடுப்பது என்றாலே நம்மவர்களுக்குக் கட்டடமும் பெயர்க் கல்லும்தான் நினைவுக்கு வருகின்றன. இது எனக்குப் பெரிய மனவருத்தம்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை உன் அம்மாவிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

இங்கே இலங்கையில் சமயம் கட்டாயப் பாடம், சாதாரண தரப் பரீட்சை வரைக்கும். அவரவர் சமயத்தைத்தான் படிக்க வேண்டும். ஆனால் ஒரு பாடசாலையில் இரண்டு மூன்று கத்தோலிக்கப் பிள்ளைகள் மட்டும் இருந்தால் அவர்களுக்கென்று ஆசிரியர் கிடைப்பது அரிது. சமயப் பாட நேரத்தில் விறாந்தையில் இருப்பார்கள், இல்லாவிட்டால் நம் வகுப்பிலேயே கடைசி வாங்கில். நான் படிப்பித்த ஒரு பாடசாலையில் அப்படி ஒரு கரையோரப் பிள்ளை என் வகுப்பில் இருந்தாள். கெட்டிக்காரி. சைவநெறியையே எழுதி ஏ சித்தி எடுத்தாள். எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். அவளுடைய தாய் நன்றி சொல்ல வந்தா. போகும்போது, "சேர், பிள்ளைக்குத் தேவாரம் எல்லாம் மனப்பாடம். செபமாலை சொல்லத்தான் தெரியாது" என்றா. கோபமாகச் சொல்லவில்லை. அந்தக் குரல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

நீ இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில் கத்தோலிக்கப் பாடசாலைகளுக்கு அரசாங்கமே பணம் கொடுக்கிறது, நம் பிள்ளைகளுக்குச் சமயம் படிக்க வாரத்தில் ஒருநாள் கோயில் வகுப்பை விட்டால் வேறு வழியில்லை என்று நீ போன வருடம் குறைப்பட்டாய். உன் குறை நியாயமானது. அதனால்தான் இதை உன்னிடம் கேட்கிறேன். நம் ஊர்ப் பாடசாலையிலும் இப்போது இரண்டு கத்தோலிக்கப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அண்ணனும் தங்கையும். பக்கத்துத் தேவாலயப் பங்கில் மறைக்கல்வி, அதாவது கத்தோலிக்க சமயம், படிப்பிக்கிற ஒரு பிள்ளை கிழமையில் இரண்டு நாள் வரச் சம்மதம். பங்குத்தந்தையோடும் அதிபரோடும் கதைத்துவிட்டேன். வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதிக்கு அதிபர் கடிதம் எழுதியிருக்கிறார். போக்குவரத்துச் செலவுக்குத்தான் வழியில்லை.

ஆகவே மண்டபத்துக்கென்று நினைத்த காசை மொத்தமாக அனுப்பாதே. மாதாமாதம் அனுப்பு. அறநெறி ஆசிரியைகள் மூவருக்கும் ஆளுக்கு ஐயாயிரம் ரூபா, மறைக்கல்வி ஆசிரியைக்கும் அதே ஐயாயிரம். ஒரு ரூபாவும் கூடக் குறைய வேண்டாம். மிஞ்சினால் ஞாயிறு வகுப்புக்கு வருகிற சின்னவர்களுக்குக் கடலையும் பாலும். எல்லாக் காலமும் கொடுக்க உன்னால் முடியாது, மூன்று வருடம் என்று இப்போதே அவர்களிடம் சொல்லிவிடுவோம். இடையில் நின்றுபோனால் அந்த ஆசிரியைகள் நம்மை நம்பி ரியூசன் வேலைக்குப் போகாமல் இருந்தது வீணாகிவிடும். சங்கத்தாரிடம் நீ சண்டை பிடிக்க வேண்டாம். அப்பா இப்படிக் கேட்கிறார் என்று சொல், கோபம் என்மேல் வரட்டும்.

வைகாசி மூலத்தில் சம்பந்தர் குருபூசை. அதற்கு முந்திய ஞாயிறு பிள்ளைகள் பாடிப் பழகுகிறார்கள். இங்கே காலை எட்டு மணி என்றால் உனக்குச் சனி இரவு பத்தரை. பேரனைத் தூங்கவிடாமல் வைத்திரு. நான் மண்டபத்திலிருந்து அழைப்பு எடுக்கிறேன், அவனும் இவர்களோடு சேர்ந்து ஒரு தேவாரம் பாடட்டும்.

அன்புடன்,
அப்பா