அறுவை அரங்கில் பெயர் இல்லாதவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறுவை சிகிச்சையில் நேரும் பிழைகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, பணிச்சுமையையும் கவனக்குறைவையும் மட்டுமே காரணமாகச் சொல்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அறுவை அரங்கில் செவிலியராக நின்றவள் என்ற முறையில் இன்னொன்றையும் சேர்க்க விரும்புகிறேன்: நாம் வீட்டில் பேசப் பழகிய விதம்.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புப் பட்டியலில் 19 அம்சங்கள் உள்ளன. புதுதில்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அதைப் பின்பற்றியபோது, அறுவைக்குப் பிந்தைய இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகக் குறைந்ததை 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. கத்தி வைக்கும் முன் குழுவில் உள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. ஒருமுறை வாய் திறந்தவருக்கு மறுமுறை பேசுவது எளிது. நான் பணியாற்றிய இடங்களில் அந்தக் கட்டத்தில் பேசாமலேயே 'டிக்' போட்டுவிடுவார்கள். மருத்துவர் 'சார்', நான் 'சிஸ்டர்', அவ்வளவுதான். பத்து ஆண்டுகள் எதிரே நின்ற மருத்துவருக்கு என் பெயர் தெரியாது என்பதை என் பணிநிறைவு விழாவில்தான் அறிந்தேன்.

ஒருநாள் வயிற்று அறுவை முடியும் தறுவாயில் மருத்துவர் தையலுக்குக் கை நீட்டினார். பலகையில் எழுதியிருந்த 'மாப்' (இரத்தத்தை ஒற்றியெடுக்க வயிற்றுக்குள் வைக்கும் துணி) பத்து. வெளியே வந்தவை ஒன்பது. எண்ணியவர் பணியில் சேர்ந்து ஆறு மாதமே ஆன பெண். "சார்... ஒருதடவை பார்த்துக்கலாமா சார்" என்றார், முகக்கவசத்தைத் தாண்டாத குரலில். "ஒன்று குறைகிறது" என்னும் இரண்டே சொற்கள் அவர் வாயில் வரவில்லை. நான் உரக்கச் சொன்ன பிறகே தேடினோம். குடலுக்குப் பின்னால் கிடந்தது. இத்தனைக்கும் அந்த மருத்துவர் யாரையும் கடிந்து பேசாதவர். பெரியவர்கள் காரியத்தில் குறுக்கே பேசாதே என்று கேட்டே வளர்ந்த பெண்ணுக்கு, அவர் நல்லவரா கோபக்காரரா என்பதெல்லாம் பொருட்டே இல்லை.

இந்தப் பணிவை ஒரு நாள் பயிற்சி வகுப்பால் களைந்துவிட முடியும் என்று நான் நம்பவில்லை. ஆனால் பெரியவர் கேட்டும் பதில் சொல்லாமல் நிற்பது அதே வீட்டில் மரியாதைக் குறைவாகவே கருதப்படும். ஆகவே பேசும் துணிச்சலை இளையவரிடம் எதிர்பார்ப்பதைவிட, கேட்கும் கடமையை மருத்துவரிடம் வைப்பதே நம் ஊருக்குப் பொருந்தும். தையலுக்கு முன் அவரே கணக்கைக் கேட்டு, எண்ணைக் காதால் கேட்ட பிறகே ஊசியை வாங்க வேண்டும் என்று மருத்துவமனை நிர்வாகங்கள் விதி செய்யலாம். செவிலியரைப் பெயர் சொல்லிக் கேட்டால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
மதுரை.